இரண்டாம் வரியில் இருந்த காற்று

திண்டிவனம்
நவம்பர் 3

கலை,

உறையில் என் பெயரைப் பார்த்தால் பிரிக்காமலே போட்டுவிடுவாய் என்று, அனுப்புநர் இடத்தில் கல்லூரியின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. போன வாரம் விழுப்புரத்துக்கே வந்தேன். உன் ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நீ வரைபடத்தை விரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. நம் ஆபீஸ் உதவியாள் குமரேசன்தான் வெளியே வந்தான். "அக்கா சைட்டுக்குப் போயிக்கிறாங்க மேடம்" என்றான். பாவம், பொய் சொல்லத் தெரியாதவன், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் திரும்பிவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு அடிக்கடி வர முடியாது.

இது நம் சண்டையைப் பற்றிய கடிதம் இல்லை. நம் ஜன்னலைப் பற்றியது.

நாம் சேர்ந்து கட்டடக் கணக்கு ஆபீஸ் நடத்தியபோது நான் எழுதித் தந்த அந்த ஜன்னல் புரோகிராமை நீ இன்னும் பயன்படுத்துகிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கணக்குத் தெரியாது, கலை. கணக்குப் போடுவது பின்னால் ஓடும் இயற்கணிதப் புரோகிராம். அதற்கு முகம் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்தாகக் கேட்டுக்கொள்ளும், எழுத்தாகவே பதில் சொல்லும். நீ தட்டுகிற கேள்வியை அதன் காதில் போடுவதும், அது வரிவரியாக அச்சிடுவதைப் படித்து, பின்னமாகவும் அடுக்காகவும் அழகாக எழுதிக் காட்டுவதும்தான் ஜன்னலின் வேலை.

விடை நீளமாக இருந்து ஒரு வரியில் அடங்காவிட்டால், அந்தப் புரோகிராம் அதை மடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும். பழைய பதிப்பு, மடிக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு வைக்கும். சாய்கோடு இருந்தால் அடுத்த வரியையும் சேர்த்துப் படி, இல்லாவிட்டால் விடை முடிந்தது, அதற்குப் பிறகு வருவது எச்சரிக்கை வாசகம், தாண்டிப் போ என்று ஜன்னலுக்கு நான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வருஷம் வந்த புதிய பதிப்பில் சாய்கோடு இல்லை. கூட்டல் குறியோடு அடுத்த வரியை அப்படியே தொடங்கிவிடுகிறது.

போன வாரம் கல்லூரிக் கணினியில் புதிய பதிப்பைப் போட்டு ஒரு நீளமான சமன்பாட்டைக் கொடுத்துப் பார்த்தேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி விடை. நம் ஜன்னலில் ஒரு வரி. பிழை என்று எதுவும் வரவில்லை. சிவப்பு எழுத்து வரவில்லை. பாதி விடை முழு விடை போலவே அழகாக உட்கார்ந்திருந்தது.

உன் கணினியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று மட்டும் சொல். பழையது என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. நானும் நிம்மதியாகத் தூங்குவேன்.

ஷமீம்


விழுப்புரம்
நவம்பர் 6

ஷமீமுக்கு,

இப்போது பயத்தைக் கூரியரில் வேறு அனுப்ப ஆரம்பித்துவிட்டாயா?

நீ இங்கே இருந்த வரைக்கும் தினமும் இதுதான். போட்ட கணக்கை மறுபடி போடு, அளந்த கம்பியை மறுபடி அள. ஒரு தூணுக்கு அரை நாள். அன்றைக்கு வாடிக்கையாளர் முன்னால் நான், "இவளுக்கு நெழலப் பாத்தாலும் பயம், இவ சொல்றத எடுத்துக்காதீங்க" என்று சொன்னது தப்புதான். அதற்காகப் பையை எடுத்துக்கொண்டு அப்படியே பஸ் ஏறிப் போனவள் நீ. ஆபீஸை நான் தனியாக இழுத்துக்கொண்டு வருகிறேன்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் ஒரு உத்தரத்தை ஜன்னலில் போட்டுப் பார்த்தேன். கையாலும் போட்டேன். இரண்டும் ஒன்றுதான். போதுமா? சித்திரையில் புதுக் கணினி வாங்கினேன். எல்லாமே புதிதாக ஏற்றியதுதான், ஒரு தொந்தரவும் இல்லை. நான் வரைந்த எந்தக் கட்டடமும் விழவில்லை.

அம்மாவுக்கு அடிபட்டது எனக்குத் தெரியாது. கேட்டதாகச் சொல். வேறு எதுவும் எழுதாதே.

கலைமதி


திண்டிவனம்
நவம்பர் 8

கலை,

சித்திரையில் புதிதாக ஏற்றினேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்புக்குப் போகவில்லை.

ஒரு உத்தரத்தின் விடை சின்னது. மடியாது. அது எப்போதும் சரியாகத்தான் வரும். நீளமான விடைகளைப் பார். கூரைச் சட்டம், தூணின் அடியில் வரும் விசை, பல சுமைகள் ஒன்றாகச் சேரும் இடம். அந்தப் புரோகிராம் உறுப்புகளை ஆங்கில அகரவரிசையில் அடுக்கும் என்பது உனக்கு நினைவிருக்கும். காற்றுக்கு நாம் வைத்த எழுத்து டபிள்யூ. அது எப்போதும் கடைசியில்தான் வரும். வரி மடிந்தால் முதலில் தொலைவது காற்றுதான்.

சித்திரைக்குப் பிறகு நீ போட்ட தகரக் கூரைகளை மட்டும் எடு. ஜன்னலை மூடிவிடு. கறுப்புத் திரையைத் திறந்து அதே கேள்வியை நேராகக் கேள். விடையைக் குமரேசன் வாய்விட்டுப் படிக்கட்டும், நீ ஜன்னலின் விடையோடு ஒத்துப் பார். அதற்குப் பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஷமீம்


விழுப்புரம்
நவம்பர் 10

ஷமீம்,

குமரேசன் படித்தான். நான் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். என் தாளில் எல்லாம் முடிந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. "அக்கா, இன்னும் கீதுக்கா" என்றான்.

டபிள்யூ.

மற்ற கூரைகள் எல்லாம் சின்னவை, கையால் சரிபார்த்துத்தான் கொடுத்திருக்கிறேன். நேற்று முழுக்க உட்கார்ந்து மறுபடியும் போட்டுவிட்டேன். ஒன்றுதான் மாட்டிக்கொண்டது. வளவனூர் போகிற வழியில் சீனுவாசன் என்பவருடைய கல்யாண மண்டபம். மண்டபம் பழைய கான்கிரீட், அதற்கு ஒன்றுமில்லை. பின்பக்கம் பந்திக்காக ஒரு பெரிய தகரக் கொட்டகை கேட்டார். மூன்று பக்கமும் திறந்தது. நான்தான் வரைந்தேன். ஆவணியில் திறந்தார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள்.

மூன்று பக்கமும் திறந்த கூரைக்குக் கீழே காற்று புகுந்தால் என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரையை மேலே தூக்கும், தூணை அடியிலிருந்து பிடுங்கும். அந்தத் தூண்களைத் தரையோடு பிடித்து வைத்திருப்பது அடித்தகட்டு போல்ட்டுகள்தான். என் கணக்கில் தூண் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தது. கூரையின் எடையே போதும் என்று போல்ட்டைச் சின்னதாகப் போட்டேன். காற்றே அடிக்காத ஊரில் கட்டுவது போலக் கட்டி வைத்திருக்கிறேன், ஷமீம்.

உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்தேன். பேச முடியவில்லை. நம் ஆபீஸுக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட்தான் சுவர். அந்தக் கடை சீனுவாசனின் மச்சானுடையது. அதைவிட, எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்லிவிடுவேனோ என்று என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் குமரேசன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் காத்திருப்பான். பதிலை அவனிடமே கொடு.

ஏதாவது வேறு காரணம் இருக்கும் என்று சொல்லேன். பராமரிப்பு வேலை என்று சொல்லிப் போய், யாருக்கும் தெரியாமல் தூண்களின் அடியில் ஏதாவது வெல்டு பண்ணிவிட்டு வர முடியாதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே முகூர்த்தம் இருக்கிறது.

கலை


திண்டிவனம்
நவம்பர் 11

கலை,

குமரேசனை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவனும் சரியாகச் சாப்பிடவில்லை.

வேறு காரணம் இல்லை. நீ அனுப்பிய அளவுகளை வைத்துக் கையால் போட்டேன், பிறகு கறுப்புத் திரையிலும் போட்டேன். சாதாரணக் காற்றுக்கு அந்தக் கொட்டகை நிற்கும். அதனால்தான் ஆவணியிலிருந்து நிற்கிறது. புயல் காற்றுக்கு நிற்காது. வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகிறது என்று காலையில் ரேடியோவில் சொன்னார்கள். அம்மா ரேடியோவை அணைக்கச் சொன்னார்கள். என் முகம் அவர்களைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

வெல்டு எல்லாம் வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் போல்ட்டைத் தகட்டில் வெல்டு வைத்துப் பெரிதாக்க முடியாது. உடனே செய்யக்கூடியது ஒன்றுதான். கூரைத் தகரத்தைக் கழற்றிவிட வேண்டும். வெறும் எலும்புக்கூட்டைக் காற்று ஒன்றும் செய்யாது, நடுவில் புகுந்து போய்விடும். அதற்குச் சீனுவாசன் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நான் ஜன்னலைக் கொடுத்திருந்த மற்ற இன்ஜினியர்களிடமும் போனில் பேசிவிட்டேன். எல்லோரிடமும் பழைய பதிப்புதான்.

நான் கூட வரட்டுமா? அம்மாவுக்கு ஆள் பார்த்துவிட்டு வருகிறேன். நீ வரச் சொன்னால் போதும்.

ஷமீம்


விழுப்புரம்
நவம்பர் 14

ஷமீம்,

உன்னை வரச் சொல்லவில்லை. நான் சொல்வதை இன்னொருத்தி பக்கத்தில் நின்று கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தோன்றியது. தனியாகத்தான் போனேன்.

சீனுவாசன் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"இன்னாமா சொல்ற? ஆவணில தானே தெறந்தோம். நீதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த?"

"ஆமாங்க. கணக்குல காத்து விட்டுப்போச்சுங்க. கம்ப்யூட்டர் பாதி விடைதான் காட்டிச்சு. நானும் பாக்கல."

"நாளான்னிக்கு முகூர்த்தத்த வெச்சிக்கினு தகரத்தக் கழட்டுன்ற. பொண்ணு வூட்டுக்காரன் என்ன சும்மா வுடுவானா? மழைல எல போட முடியுமா? காத்து அடிச்சா பாத்துக்கலாம், நீ போ."

"அடிச்ச பெறகு பாக்க முடியாதுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "இத வெளிய யார்னா கேட்டா உன் பொழப்பு என்னா ஆவும்னு யோசிச்சியாமா? ஒரு வார்த்த வெளிய வந்துச்சுனா நானே சொல்லுவேன், உனக்கு வேல தெரியாதுன்னு."

வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தும்விட்டேன். ஒரு அம்மா மல்லாட்டைக் கடலை மூட்டையோடு பக்கத்தில் ஏறினாள். "இன்னாமா ஒடம்பு சரியில்லியா, இப்டி வேக்குது" என்றாள். இறங்கிவிட்டேன்.

பெண்ணின் அப்பா பச்சைமுத்து. வளவனூரில் கரும்பு போடுகிறவர். வீடு தேடிப் போனேன். வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நான் யார், என்ன தப்பு நடந்திருக்கிறது என்று சொன்னேன். அவருக்குக் கணக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"உன் வூட்டுக் கல்யாணமா இருந்தா அங்க பந்தி போடுவியாமா?"

"போட மாட்டங்க."

"அப்ப நானும் போட மாட்டன்" என்றார். சாப்பாட்டை மண்டபத்துக்குள்ளேயே, தாலி கட்டி முடிந்த பிறகு நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டுப் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஆனால் சமையல் மட்டும் கொட்டகையில்தான். சீனுவாசன் பிடிவாதமாக இருக்கிறார். தகரத்தில் கை வைக்க விடவில்லை. தாலுகா ஆபீஸிலும் சொல்லிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை வந்து பார்க்கிறோம் என்றார்கள்.

இங்கே மழை பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் குமரேசனும் அங்கே போய் நிற்கப்போகிறோம். நின்று என்ன செய்வேன் என்று தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

கலை


விழுப்புரம்
நவம்பர் 18

ஷமீம்,

நீ செய்தியில் பார்த்திருப்பாய். யாரும் சாகவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் வெறும் மழைதான். தாலி கட்டினார்கள். உள்ளே முதல் பந்தி உட்கார்ந்திருந்தபோது காற்று திரும்பியது. அதுவரை மண்டபம் மறைத்த வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது திறந்த பக்கமாகத் திரும்பி நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தது. நான் ஓரத்துத் தூணுக்குப் பக்கத்தில் குடையோடு நின்றிருந்தேன். குடை போய்விட்டது. கீழே பார்த்தேன். அடித்தகடு சிமெண்டை விட்டு எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. மறுபடி எழுந்தது. தூங்குகிறவர்களின் நெஞ்சு ஏறி இறங்குமே, அவ்வளவு மெதுவாக.

கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சமையல்காரர்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் ஓடினார்கள். அம்சவள்ளி என்று ஒரு அம்மா மட்டும் அண்டாவை விட்டு நகரவில்லை. "சோறு வெந்துக்கினு இருக்குது, எப்டி வுட்டுட்டு வர்றது?" என்று கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். குமரேசன் ஓடிப் போய் அவளைத் தோளோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் வெளியே விழுந்தாள். அவன் ஒரு அடி பின்னால் இருந்தான்.

கூரை முழுசாக எழுந்தது. தூண்களையும் கூடவே பிடுங்கிக்கொண்டு எழுந்தது. வேரோடு செடியைப் பிடுங்குவது போல வரிசையாகப் பிடுங்கியது. பின்னால் இருந்த கரும்புக் கொல்லையில் போய் விழுந்தது. போகிற போக்கில் ஒரு இரும்புச் சட்டம் குமரேசன் மேல் இறங்கியது.

தோள்பட்டை எலும்பு நொறுங்கிவிட்டது, முதுகில் தையல். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நேற்று ஆபரேஷன் முடிந்தது. விரல் அசைகிறதா என்று டாக்டர் கேட்டபோது நான் வெளியே போய்விட்டேன். பிறகு நர்ஸ் வந்து அசைகிறது என்று சொன்னாள்.

அவன் மனைவி தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

கலை


திண்டிவனம்
நவம்பர் 20

கலை,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். குமரேசனுக்காகத் தொழுதார்கள். உனக்காகவும்.

இந்த இரண்டு நாளும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். புதிய பதிப்பு மடிக்கிற விதத்தையும் படிக்கக் கற்றுக் கொடுத்தால் போதும், ஒரு மணி வேலை. ஆனால் அடுத்த பதிப்பில் வேறு மாதிரி மடித்தால்? அதனால் வேறு வழியில் போனேன். ஒவ்வொரு கேள்வியோடும், விடையில் மொத்தம் எத்தனை உறுப்பு என்று அந்தப் புரோகிராமையே தனியாகச் சொல்ல வைக்கிறேன். ஜன்னல் தான் படித்ததை எண்ணிப் பார்க்கும். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் எதையும் காட்டாது. பாதியைக்கூடக் காட்டாது. "விடை முழுதாக வந்ததா என்று தெரியவில்லை" என்று மட்டும் எழுதும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

விசாரணை வரும். சீனுவாசன் உன் மேல்தான் முழுப் பழியையும் போடுவார். என் பெயரையும் சொல், கலை. எழுதியவள் நான். மடித்த வரியைத் தாண்டிப் போனது என் ஜன்னல். எனக்குக் கல்லூரி வேலை போய்விடுமோ, அம்மாவின் மருத்துவத்துக்கு என்ன செய்வேன் என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல். நீ சொல்லாவிட்டால் நானே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

ஷமீம்


விழுப்புரம்
நவம்பர் 22

ஷமீம்,

உன் கடிதம் கிடைத்ததும், உன் பெயரைச் சொல்லவே மாட்டேன், கையெழுத்து என்னுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஆள் வந்து என்னை அங்கே கூட்டிப் போய்விட்டார்கள். முதல் விசாரணை.

நீ சொன்னபடியேதான். நான் எதுவும் எச்சரிக்கவே இல்லை என்று சீனுவாசன் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து ஒரு குரல். பச்சைமுத்து. அவரை யாரும் கூப்பிடவில்லை. மழையில் நனைந்த வேட்டியோடு வந்து நின்றிருந்தார். "இந்தப் பொண்ணு என் வூட்டு வாசல்ல வந்து சொல்லிச்சுங்க. சொன்னதாலதான் எங்க ஜனம் உள்ள சாப்ட்டுச்சு" என்றார். அதனால் என் தப்பு குறைந்துவிடாது என்று அதிகாரி சொன்னார். சரிதான். லைசென்ஸை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அதிகாரி கேட்டார். "கணக்குப் போட்டது நீங்க மட்டுந்தானா, இல்ல வேற யார்னா கீறாங்களா?"

சொல்லக் கூடாது என்று இருந்தேன். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெயரைச் சொல்லிவிட்டேன், ஷமீம். பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. அங்கே தனியாக உட்கார எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். குமரேசனின் அம்மா அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்து உன் அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், நான் கேட்காமலே. காலையில் வந்துவிடு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்ப்போம், பிறகு கலெக்டர் ஆபீஸ். பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேயே நில். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

கலை